பறைத் தோலைக் கணக்கில் எழுதுவது யார்?

ஆள் வராவிட்டாலும் பறைச் சத்தம் மட்டும் வந்து சேர்கிற காலம் இது. கல்யாண மண்டபத்தில், திருவிழா மேடையில், கட்சி ஊர்வலத்து வேனில் ஒரு பேட் கட்டிவைத்திருக்கிறார்கள். ஒருத்தர் குச்சியால் தட்டுகிறார். பறை வருகிறது, பம்பை வருகிறது, உறுமி வருகிறது. தோல் எந்த மாட்டுடையது, காய்ச்சிய நெருப்பை யார் மூட்டினது, அடித்தவன் எந்தத் தெருக்காரன் என்கிற தொல்லையெல்லாம் இல்லை. சாதி இந்து மனசு ரொம்ப நாளாக ஆசைப்பட்டது இதற்குத்தானே? சத்தம் வேணும், ஆள் வேணாம். மோளச் சத்தம் கருவறை வரைக்கும் போகலாம், மோளக்காரன் மட்டும் வாசலோடு நிற்கணும். சேலம் பக்கத்துத் திருமலைகிரியில் 2023 ஜனவரியில் மாரியம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர் ஊர் நடுவில் வைத்து ஏசப்பட்டார். அடுத்த வருசம் மே மாதம் ஓமலூர் பக்கம் தீவட்டிப்பட்டியில் மாரியம்மனைக் கும்பிட உரிமை கேட்டது கலவரத்தில் முடிந்தது. இரண்டுமே மோளம் இல்லாமல் திருவிழா நடக்காத ஊர்கள்.

பறை பற்றி நாம் இதுவரை நிறையப் பேசியிருக்கிறோம். இழிவா பெருமையா, விடுவதா எடுப்பதா என்று. அந்தப் பேச்சு கம்ப்யூட்டர் அறைக்குள் இன்னும் போகவில்லை. திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் சங்ககிரி ரோட்டிலும் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே உதவித்தொகைக்கு அலைந்துகொண்டே சிக்னல் பிராசசிங் பாடம் எழுதுகிறார்கள். அந்தப் பாடத்துக்கும் வீட்டில் ஆணியில் தொங்குகிற தப்பட்டைக்கும் தொடர்பு உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அங்கே இருப்பது பதிவு. என்றைக்கோ ஒருநாள் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் யாரோ ஒருவர் பறையை அடித்தார். அந்த அடி எண்களாகச் சேமிக்கப்பட்டது. நீங்கள் தட்டினால் அந்த எண்கள் வரிசையாக ஒலிபெருக்கிக்குப் போகின்றன. இதைச் சாம்பிள் என்கிறார்கள். மெதுவாகத் தட்டினால் அதே அடி சின்னதாக, ஓங்கித் தட்டினால் அதே அடி பெருசாக. விலை கூடின பெட்டி என்றால் நாலைந்து அடிகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும். வேகமாக உருட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரே அடி திரும்பத் திரும்ப விழுந்து தையல் மிஷின் ஓடுகிற மாதிரி கேட்கும். நம்ம ஆட்கள் யாரும் இரண்டு அடியை அச்சாக ஒரே மாதிரி அடித்ததில்லை. கை அப்படிச் செய்யாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் சத்தத்தைப் பதிவதே இல்லை. சத்தம் எந்தப் பொருளில் பிறக்கிறதோ அந்தப் பொருளைக் கணக்காக எழுதிவிடுவது. பிசிகல் மாடலிங் என்று பெயர்; இயற்பியல் மாதிரி என்று சொல்லலாம். தோல் எவ்வளவு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, சதுர மீட்டருக்கு எடை என்ன, வளையத்தின் விட்டம் என்ன, குச்சி எவ்வளவு கனம், எந்த இடத்தில் எந்த வேகத்தில் பட்டது: இவ்வளவையும் கொடுத்தால் தோல் எப்படி அதிரும் என்பதை இயக்க விதிகளே சொல்லிவிடும்.

35 சென்டிமீட்டர் விட்டமுள்ள பறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய்ச்சிய தோலில் அலை விநாடிக்கு 100 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், தோலை மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலான கட்டங்களாகப் பிரிக்கணும். அதைவிடப் பொடியாக்கினால் கணக்கு வெடித்துவிடும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் புள்ளிகள் வருகின்றன. ஒவ்வொரு புள்ளியும் தன் நாலு பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, அடுத்த கணம் தான் மேலே போவதா கீழே போவதா என்று முடிவு செய்கிறது. (தீண்டாமை பார்த்தால் இந்தக் கணக்கு ஓர் அடி நகராது.) இது விநாடிக்கு 44,100 தடவை நடக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 40 கோடித் தடவை, ஒரு விநாடிச் சத்தத்துக்கு. 1971இல் அமெரிக்காவில் ஹில்லரும் ரூயிசும் ஒரு தந்தியின் அதிர்வை இப்படிக் கணக்குப் போட்டு எழுதியபோது அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. இன்றைக்கு இஎம்ஐயில் வாங்கின லேப்டாப் போதும்.

குறுக்கு வழியும் உண்டு. 1983இல் ஸ்டான்போர்டில் கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்கிற இருவர் பத்து வரி நிரலில் தந்திச் சத்தம் வரவழைத்தார்கள். கொஞ்சம் இரைச்சலை ஒரு வட்டத்துக்குள் சுழல விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பக்கத்து எண்களைச் சராசரி எடுப்பது, அவ்வளவுதான். அதே நிரலில் நாணயம் சுண்டுகிற மாதிரி குறியை அங்கங்கே பிளஸ், மைனஸ் மாற்றிவிட்டால் மோளச் சத்தம் வரும். முதலாமாண்டு மாணவர் ஒரே சாயங்காலத்தில் எழுதிவிடலாம். பிறகு அதே பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் ஸ்மித் அலைகள் ஓடுகிற குழாய்களாகக் கருவிகளை எழுதினார். 1993இல் வான் டைனும் அவரும் சேர்ந்து அந்தக் குழாய்களை வலைபோலப் பின்னித் தோலுக்கும் தகட்டுக்கும் கொண்டு வந்தார்கள். 1994இல் யமகா கம்பெனி விஎல்1 என்று அதே வழியில் ஊதுகருவிக்கான பெட்டியை விற்பனைக்கு விட்டது. எடின்பரோவில் ஸ்டீபன் பில்பாவோ 2009இல் இந்தக் கணக்குகளுக்கென்றே ஒரு பெரிய புத்தகம் போட்டார்.

சரி, எண்கள் எங்கிருந்து வரும்? சமன்பாடு அமெரிக்காவில் கிடைக்கும். இழுவிசை எவ்வளவு, எடை எவ்வளவு என்பதை யார் சொல்வது?

தோலிலிருந்து ஆரம்பிப்போம். பாடப் புத்தகத்துத் தோல் எல்லா இடத்திலும் ஒரே கனம். அப்படி எழுதினால் கணக்கு சுலபம். மாட்டுத்தோல் அப்படி இருக்காது. முதுகுத்தண்டு ஓடின இடம் கனம், வயிற்றுப் பக்கம் மெலிசு. எந்தப் பக்கத்தைப் பறைக்கு எடுக்கணும், எங்கே சுரண்டி மெலிசாக்கணும், எந்த வாக்கில் வளையத்தில் போர்த்தணும் என்பது கட்டுகிறவருக்குத் தெரியும். சீரான தோலில் சில அதிர்வுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே சுருதியில் ஒளிந்திருக்கும். கனம் ஏறியிறங்கும் தோலில் அந்த இரண்டும் பிரிந்து ஒன்றோடொன்று உரசும். பறையின் கரகரப்புக்கு அதுவும் ஒரு காரணம். சீரான தோல் என்று எழுதின மாதிரி சுத்தமாக ஒலிக்கும், ஆனால் பறையாக ஒலிக்காது.

அடுத்தது நெருப்பு. வைக்கோலையோ ஓலையையோ கொளுத்திப் பறையைக் காட்டும்போது என்ன நடக்கிறது? தோலிலிருந்து ஈரம் போகிறது. ஈரம் போனால் தோல் சுருங்கப் பார்க்கிறது, வளையம் விடுவதில்லை, இழுவிசை ஏறுகிறது. போன ஈரத்தோடு எடையும் குறைகிறது. இரண்டுமே சுருதியை மேலே தள்ளும். அலையின் வேகம் இழுவிசையை எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது. ஆகவே எடை மாறாமல் சுருதியை இரட்டிப்பாக்க இழுவிசை நாலு மடங்காகணும். எந்த இடத்தில் நிறுத்தாவிட்டால் தோல் கிழியும் என்பது காய்ச்சுகிறவரின் விரல் நுனியில் இருக்கிறது. "சுண்டிப் பாத்தா அதே சொல்லும்" என்பார்கள். எது சொல்லும், எதைச் சொல்லும்? அந்த விரல் அளப்பது சமன்பாட்டில் இருக்கிற அதே இழுவிசைதான். ராத்திரி பனி இறங்க இறங்கத் தோல் திரும்ப ஈரம் குடித்துத் தளரும், மறுபடி காய்ச்சணும். அப்படியானால் மாதிரியில் இழுவிசை ஒரு நிலையான எண்ணாக இருக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்கு ஒன்று, விடியக்காலம் நாலு மணிக்கு ஒன்று. இது எந்த வெளிநாட்டு மோளத்தின் மாதிரியிலிருந்தும் எடுத்து ஒட்டிக்கொள்ள முடியாத சங்கதி.

குச்சிகள் இரண்டு. மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி, குட்டையான அடிக்குச்சி. தோலின் நட்டநடுவில் அடித்தால் வட்டமான அதிர்வுகள் மட்டும் எழும்பும். விளிம்புக்கு நெருங்க நெருங்கக் குறுக்குவாட்டு அதிர்வுகளும் விழித்துக்கொள்ளும். ஓங்கி அடிக்கும்போது அந்த அடியே தோலை ஒரு நொடி கூடுதலாக இழுத்துவிடும். சத்தம் கொஞ்சம் மேலே தொடங்கிக் கீழே வழியும். எளிய சமன்பாட்டில் இது வராது, கூட எழுதிச் சேர்க்கணும். பறைக்குப் பின்பக்கம் திறந்தது, தோளில் மாட்டி உடம்போடு அணைத்துப் பிடிப்பது. அணைத்த உடம்பும் சத்தத்தில் ஒரு பங்கு. அடிப்பவரின் விலா எலும்பு வரைக்கும் கணக்கில் வரணும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்த இடத்தில் சி.வி. ராமனைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1920இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், 1934இல் இந்திய அறிவியல் அகாடமி இதழிலும் அவர் மோளங்களைப் பற்றி எழுதினார். வெறும் தோலின் மேலதிர்வுகள் அடிச்சுருதியின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் போகும். மிருதங்கத்தின் நடுவில் கறுப்பாக அப்பியிருக்கிற சோறு இந்த ஒழுங்கின்மையை மாற்றி, ஒன்பது அதிர்வுகளை ஐந்து சுருதிகளுக்குள் கொண்டு வந்துவிடுகிறது. அதனால் சுருதி சுத்தம் வருகிறது என்று காட்டினார். அருமையான அறிவியல், மறுக்கவில்லை. ஆனால் 1934 கட்டுரையின் தலைப்பைப் பாருங்கள்: 'இந்திய இசை மோளங்கள்'. எடுத்துக்கொண்டது மிருதங்கமும் தபலாவும். சோறு அப்பாத தோல்கள் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம்! சுருதி ஒழுங்கு இருந்தால் இசை, இல்லாவிட்டால் சத்தம் என்கிற அளவுகோலை இயற்பியலே கொடுத்துவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வந்தது. இயற்பியல் அப்படி எதுவும் சொல்லவில்லை. 1.59 என்பது ஒரு எண். அது அசிங்கம் என்று தீர்ப்புச் சொன்னது பார்ப்பனியக் காது.

அந்தச் சோற்றை அப்பியவர்கள் யார்? டி.எம். கிருஷ்ணா 2020இல் கொண்டுவந்த 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம் இதைத்தான் பேசுகிறது. தஞ்சாவூர்ப் பரம்பரையில் மிருதங்கம் கட்டியவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். வித்வான் பெயர் தெரியும், கட்டினவர் பெயர் தெரியாது. அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாசேத்ரா கடைசி நேரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டது. மிருதங்கத்துக்கே இந்த நிலைமை என்றால் தப்பட்டை கட்டினவர் பெயரை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் தேடுவது?

மாதிரி என்றால் மோளச் சத்தம் உண்டாக்குவதோடு முடிந்துவிடுவதில்லை. குச்சிக்குப் பதிலாக வேறொரு சத்தத்தால் அந்தத் தோலை அதிர வைக்கலாம். அப்போது அது கருவி என்கிற நிலையிலிருந்து எஃபெக்ட் ஆகிறது; பாட்டின் மேல் போர்த்துகிற ஒலிப்பூச்சு. 1957இல் ஜெர்மனியில் இஎம்டி கம்பெனி ஸ்டுடியோவுக்கு எதிரொலி கொடுக்க ஒரு பெட்டி செய்தது. உள்ளே இருந்தது இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர், அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் தகடு. ஒருபக்கம் பாட்டை விட்டுத் தகட்டை அதிர வைப்பது, மறுபக்கம் அந்த அதிர்வைப் பிடித்து எடுப்பது. கால் டன்னுக்கு மேல் கனம். இன்று அந்தத் தகட்டின் சமன்பாட்டை எழுதி, ஒரு கிலோ இரும்பு இல்லாமல் அதே எதிரொலியை விற்கிறார்கள். தகடு உருட்டுகிற உருக்காலையும், ஒரு காலத்தில் மாடர்ன் தியேட்டர்சும் இருந்த சேலத்துக்காரர்களுக்கு இது புரியாத சங்கதியா?

தகட்டுக்குச் செய்ததைத் தோலுக்கும் செய்யலாம். நம் பாடகி ஒருத்தியின் குரலைப் பறையின் மாதிரிக்குள் அனுப்பினால், தோலின் சுருதிகளில் படுகிற இடமெல்லாம் குரல் விம்மும், மற்ற இடங்களில் அடங்கும். காய்ச்சின தோல் ஒரு மாதிரி விம்மும், பனியில் தளர்ந்த தோல் வேறு மாதிரி. கிடாரை அதற்குள் விடலாம், கூட்டத்தில் பேசின பேச்சைக்கூட விடலாம். 2017இல் தொடங்கின காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் பறையையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் கம்ப்யூட்டரில் இசை கோர்க்கிறார்கள். எதிரொலிக்கு அவர்களுக்குக் கிடைப்பது ஐரோப்பியக் கச்சேரி மண்டபமும் மாதா கோயிலும் ஜெர்மன் தகடும்தான். பறைத்தோல் அந்தப் பட்டியலில் இல்லை. நாளைக்கு எவனாவது சேர்ப்பான். 'எத்னிக் டிரம்' என்று பெயர் வைத்து, மாட்டுத்தோல் படம் போட்டு டாலரில் விற்பான்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார், கேட்கத்தான் வேண்டும்: "பறையே வேணாம்னு நம்ம அப்பன் தாத்தன் அடி வாங்கிக்கிட்டு எறிஞ்சுட்டு வந்தாங்க. நீ எதுக்கு அதைக் கம்ப்யூட்டர்ல தூக்கி வைக்கிற?" நியாயமான கேள்வி. சேலம், நாமக்கல் பக்கம் அருந்ததியர் தெருவுக்கு ஆள் அனுப்பி, இழவு விழுந்துவிட்டது மோளத்தோடு வா என்று சொல்வது அழைப்பாக இருந்ததில்லை, கட்டளையாகவே இருந்தது. மாட்டேன் என்றால் பண்ணையத்தில் வேலை கிடையாது, பாதை கிடையாது. எறிந்தவர்கள் சத்தத்தை வெறுத்து எறியவில்லை. அந்தக் கட்டளையை எறிந்தார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ச்சி. விருது ஒரு கைக்குக் கிடைத்ததால் மற்றக் கைகளின் மேலிருந்த கட்டளை போய்விட்டது என்று யாரும் கதை விட வேண்டாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இழவு வீட்டுக்குப் பெட்டி போகட்டும். அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. ஆனால் தோல் பற்றின அறிவு நம்முடையது. நெருப்பில் எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்துத் தோல், எந்தக் கோணத்தில் குச்சி என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் செய்த சோதனையின் முடிவு. கட்டளையை எறியும்போது இந்த அறிவையும் சேர்த்து எறிய வேண்டிய அவசியம் இல்லை. தப்பட்டை அடிக்காத பிள்ளையும் தப்பட்டையின் சமன்பாட்டை எழுதலாம். அதை எழுத எந்த ஊர்க்கவுண்டர் அனுமதியும் வேண்டாம்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் மாணவர்கள் கவனிக்கணும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துகிறவர்களுக்கு உரிமை கொடுத்தது. 2012 திருத்தம் ராயல்டியில் பங்கு வரைக்கும் அதை நீட்டியது. நடைமுறையில் மோளக்காரருக்கு ஒருநாள் கூலி கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள் என்றாலும், ஏட்டில் உரிமை என்று ஒன்று இருக்கிறது. அது நிகழ்த்தலையும் அதன் பதிவையும் பற்றியது. இயற்பியல் மாதிரியில் பதிவே கிடையாது! ஒருவர் வந்து பறையை அளந்து, காய்ச்சுகிறவரிடம் நாலு கேள்வி கேட்டு, அடிக்கிற கையைப் படம் பிடித்து எண்களாக்கிக்கொண்டு போனால், அதிலிருந்து பிறக்கிற லட்சம் அடிகளில் ஒன்றுக்கும் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பங்கு கேட்க வழியில்லை. நிரல் எழுதினவருக்குப் பதிப்புரிமை, எண் கொடுத்தவருக்கு ஒரு டீ. சாம்பிளில் குறைந்தது யாரோ ஒருவரின் கை உள்ளே கிடந்தது. இதில் கை கரைந்துபோய்விடுகிறது.

அதனால் அளவெடுப்பை நாமே செய்துவிடணும், செய்ததை வெளிப்படையாகப் போட்டுவிடணும், யாரிடமிருந்து கற்றது என்பதை அவர்கள் சம்மதத்தோடு முதல் வரியில் எழுதணும். தேவைப்படுவது பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற பீசோ தகடு, ஒரு லேப்டாப், காற்றின் ஈரம் காட்டுகிற சின்னக் கருவி, தோல் துண்டை நிறுக்க நகைக்கடைத் தராசு. பைத்தானும் பியூர் டேட்டாவும் காசில்லாமல் கிடைக்கின்றன. பிரான்சில் உருவான ஃபாஸ்ட் என்கிற மொழியில் தந்தி, குழல், தகடு இவற்றுக்கான மாதிரிகள் ஏற்கனவே எழுதிக் கிடக்கின்றன. ஜூலியஸ் ஸ்மித்தின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இங்கிலீஷ் தடுக்கினால் கூட உட்கார்ந்து படிக்க சீனியர்கள் முன்வரணும். இயக்கத்தின் இரவுப் பாடசாலையில் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவதில் என்ன குறைந்துவிடும்?

மார்கழியில் ஒரு ராத்திரி போதும். கட்டத் தெரிந்தவர், காய்ச்சத் தெரிந்தவர், அடிக்கத் தெரிந்தவர் மூன்று பேருக்கும் நாள் கூலிக்குக் குறையாமல் கொடுத்து உட்கார வைத்து, காய்ச்சினவுடனே ஒரு அடி, பிறகு அரைமணிக்கு ஒரு அடி, விடிகிற வரைக்கும். ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று, சிண்டுக்குச்சியால் ஒன்று. பக்கத்தில் காற்றின் ஈரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள ஒரு நோட்டு. மறுபடி எப்போது காய்ச்சணும் என்பதைக் கருவி சொல்லக் கூடாது, காய்ச்சுகிறவரே சொல்லணும். அவர் சொன்ன மணியைச் சிவப்பு மையில் எழுதணும்.